பிள்ளை முழுக்கப் பொட்டு

தவளையும் தேரையும் கொக்கும் வாயைத் திறந்து பேசி, பேசினதற்குப் பதிலும் வாங்கிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் தலைப்பிரட்டைக்கு ஒரே நிறம்தான். அடுப்பில் மிச்சம் கிடக்கிற சாம்பலின் நிறம். தவளை பெற்றதும் தேரை பெற்றதும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு தலை, ஒரு வால், நடுவில் ஒன்றும் கிடையாது. பெற்றவளே பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் இது என்னுடையது, அது உன்னுடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இப்போது சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும், நடந்ததைச் சொல்வதுதான் என் வேலை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அப்போதெல்லாம் தாய்மார்கள் முட்டையிட்ட கையோடு எழுந்து போய்விடுவதில்லை. தண்ணீரிலேயே இருந்து பிள்ளை வளர்த்தார்கள்.

கண்மாய்க் கரைக்குக் கீழே கோரைக்குட்டை என்று ஒரு பள்ளம். மழை பெய்தால் நிறையும், மாசியில் வற்றும். அந்தக் குட்டைத் தாய்மார்களுக்குள் ஒரு முறை இருந்தது. முட்டையை எல்லோரும் ஒரே இடத்தில், கோரைக்கு நடுவே படர்ந்த பாசியில் இட வேண்டும். பிள்ளைகள் பொரிந்த பிறகு ஒரு நாளைக்கு ஒருத்தி காவல். காவல்காரி பாசியை மென்று ஊட்ட வேண்டும், தண்ணீர்ப்பாம்பு தலை தெரிந்தால் சத்தம் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் கரையேறிப் பூச்சி பிடித்து வயிற்றைப் பார்த்துக்கொள்வார்கள். பிள்ளை தண்ணீருக்குள் இருக்கிற வரை ‘என் பிள்ளை’ என்ற சொல் யார் வாயிலும் வரக்கூடாது. வந்தால் மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

கால் முளைத்து, வால் போய், கரையேறும் நாளில்தான் யார் பிள்ளை என்று தெரியும். தோல் வழவழவென்று இருந்தால் தவளையுடையது. சொரசொரப்புத் தட்டினால் தேரையுடையது. அன்றைக்குத் தாய்மார்கள் கரையில் வரிசையாக உட்கார்ந்திருந்து, அவரவர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவார்கள். நல்ல ஏற்பாடுதான். பிள்ளைகளின் நிறத்தைப் போலவே வயிறும் ஒரே மாதிரி இருந்திருந்தால் இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கும்.

அந்தக் குட்டையில் தேரை என்று மிஞ்சியிருந்தவள் சடைச்சி ஒருத்திதான். மற்ற தேரைகள் “இந்தத் தண்ணி நமக்கு ஆகலை” என்று சொல்லி வேறு பள்ளம் பார்த்துப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆயிரக்கணக்கில் முட்டை இட்டாலும் கரையேறுகிற தேரைப் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். முந்தின வருஷம் சடைச்சிக்குக் கரையேறினது ஏழு. இந்த வருஷம் புரட்டாசியில் முதல் மழைக்கு முட்டையிட்டாள். தேரைப் பிள்ளைகள் எப்போதும் தவளைப் பிள்ளைகளுக்கு முந்திக்கொண்டு கரையேறும். அந்த நாள் வந்ததும் சடைச்சி விடியற்காலையிலேயே கரையில் போய் உட்கார்ந்தாள். பொழுது சாய்கிற வரை உட்கார்ந்திருந்தாள். ஒன்றுகூட ஏறவில்லை. மறுநாளும் உட்கார்ந்தாள், அதற்கு மறுநாளும் உட்கார்ந்தாள். இந்த வருஷமும் இப்படியே போனால் கோரைக்குட்டையில் தேரை என்ற பேச்சே இருக்காது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

குட்டையிலேயே பெரிய உடம்பும் பெரிய குரலும் பொன்னாத்தா என்ற தவளைக்கு. சடைச்சி அவளை மதினி என்று கூப்பிடுவாள். மூன்றாம் நாள் சாயங்காலம் பொன்னாத்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“எந்திரி சடைச்சி. இன்னும் எத்தனை நாளைக்குத் தண்ணியையே பாத்துக்கிட்டு இருப்ப?”

“ஒண்ணுகூட வரலையே மதினி.”

“உனக்கு எல்லாத்துலயும் அவசரம். சோம்பேறிப் பிள்ளை ஒண்ணு ரெண்டு பிந்தித்தான் வரும். உள்ள இன்னும் எத்தனை கிடக்கு. அதுல உன்னோடது இருக்காதா?”

ஆறுதலுக்குச் சொன்னதுதான். பொன்னாத்தாவிடம் அப்போது ஒரு கள்ளமும் இல்லை. ஆனால் சடைச்சி அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஏனென்றால் தண்ணீருக்குள் உண்மையிலேயே ஒரு சோம்பேறிப் பிள்ளை இருந்தது. குண்டாக, மெதுவாக நீந்தும். அதற்கு அவள் உருண்டை என்று பெயர்கூட வைத்திருந்தாள். பிள்ளைகள் எல்லாத் தாயையும் அம்மா என்றுதான் கூப்பிடும். ஆனால் உருண்டை, அவள் காவல் இல்லாத நாளிலும் அவளைத் தேடி வந்து அம்மா என்று கூப்பிடும். ஊட்டி முடித்ததும் மல்லாக்கப் புரண்டு அவள் காலில் முட்டும். எல்லாம் போய் இது ஒன்றாவது நமக்கு மிஞ்சியதே என்று சடைச்சி நினைத்தாள். தண்ணீருக்குள் சொல்லக்கூடாத சொல்லை மனசுக்குள் தினமும் சொல்லிக்கொண்டாள். மென்ற பாசியில் நல்ல கவளமாகப் பார்த்து அதற்குத்தான் கொடுத்தாள்.

ஐப்பசியில் கண்மாய்க்குக் கீழே நடவு நடந்தது. நடவுக்கு வந்த பெண்கள் குட்டைக்கரைப் புங்க மரத்தில் சேலைத் தொட்டில் கட்டிப் பிள்ளைகளைப் போட்டிருந்தார்கள். நாலு தொட்டில். ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தால் நாலும் சேர்ந்து அழும். அப்படி அழுத ஒரு சமயம், குருவம்மா என்கிறவள் சேற்றுக் காலோடு வரப்பேறி வந்து, நிற்காமல் யோசிக்காமல் மூன்றாவது தொட்டிலிலிருந்து ஒரு பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். மர வேரடியில் இருந்த சடைச்சி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தாயி, ஒண்ணு கேக்கணும்” என்றாள் சடைச்சி. “நாலும் மொட்டைத் தலை. நாலும் ஒரே அழுகை. உம்பிள்ளை இதுதான்னு எப்படித் தெரிஞ்சது?”

“பெத்தவளுக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியலையே.”

குருவம்மா அப்போதுதான் தேரையை நன்றாகப் பார்த்தாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று புரிந்தது. பிள்ளையின் முகத்தை இவள் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

“இந்தா, கன்னத்துல பொட்டு தெரியுதா? வலது பக்கம், கொஞ்சம் கோணலா. கண்ணு படாம இருக்கத்தான் வைக்கிறது. ஆனா நாலு பேர் பிள்ளைக நடுவுல கிடக்கிறப்ப அடையாளத்துக்கும் ஆகுது.”

“எதுல வைக்கிற?”

“சட்டியடிக் கரியைச் சுரண்டி விளக்கெண்ணெயில குழைச்சது. தேச்சுக் குளிப்பாட்டினாலும் லேசுல போகாது.”

“எனக்கும் கொஞ்சம் குடு தாயி.”

“உனக்கு எத்தனை பிள்ளை?”

“அடுத்த மழைக்கு இடணும். ரெண்டாயிரம் வரும். கூடவும் வரலாம்.”

குருவம்மா சிரித்த சிரிப்பில் பிள்ளை பால் குடிப்பதை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தது. ரெண்டாயிரம் பிள்ளைக்குப் பொட்டு வைக்க எங்க ஊர்ச் சட்டியெல்லாம் சுரண்டினாலும் பத்தாதே என்றாள். ஆனாலும் மறுநாள் வரும்போது ஒரு கொட்டாங்குச்சி நிறையக் கரி குழைத்துக் கொண்டுவந்து வேரடியில் வைத்தாள். மனசு நல்ல மனசு.

“பொரிஞ்ச பிறகு வைக்கலாம்னு இருந்துறாத” என்றாள். “கைக்கு அகப்படாது, நீந்திப் போயிரும். முட்டையிலயே வச்சிரு. குவியலாவும் போடாத, எதுக்கு வச்சோம் எதுக்கு வைக்கலைன்னு குழம்பிரும். பூத் தொடுக்கிற மாதிரி நீளமாத் தொடுத்துக்கிட்டே போ. ஒண்ணும் விட்டுப் போகாது.”

ஐப்பசிக் கடைசியில் அடைமழை பிடித்தது. சடைச்சி பொதுவிடத்துக்குப் போகவில்லை. குட்டையின் மேலைக் கோடியில் தனியாக ஒரு கோரைத் தூரைப் பிடித்துக்கொண்டு, குருவம்மா சொன்னபடியே முட்டைகளைச் சரம் சரமாகத் தொடுத்துக் கோரையில் சுற்றினாள். பிறகு கொட்டாங்குச்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொட்டு வைக்க உட்கார்ந்தாள்.

இங்கேதான் ஒரு பிசகு நடந்தது. குருவம்மாவுக்கு விரல் நுனி சின்னது, பிள்ளையின் கன்னம் பெரியது. சடைச்சிக்கோ விரல் பெரியது, முட்டை கடுகு போல. முதல் முட்டையில் விரலை வைத்து எடுத்தாள். பொட்டைத் தவிர முட்டை என்று ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். துடைக்கப் பார்த்தாள், போகவில்லை. விளக்கெண்ணெயில் குழைத்த கரி எப்படிப் போகும்? சரி, ஒன்றுக்கு ஒரு மாதிரி இன்னொன்றுக்கு ஒரு மாதிரி வைத்தால் அடையாளமாகவும் ஆகாதே என்று, மற்றதற்கும் அப்படியே வைத்துக்கொண்டு போனாள். முழுதாக ரெண்டு பகல் ஆனது. கரி தீரும் இடத்தில் சரமும் தீர்ந்தது.

பொரிந்து வந்தது பாருங்கள், அத்தனையும் கன்னங்கரேல். தலை கருப்பு, வயிறு கருப்பு, வால் கருப்பு. குட்டைத் தாய்மார்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். குருவம்மா கரி கொடுத்த கதையைச் சடைச்சியே சொன்னாள்.

“என்னடி சடைச்சி, எள்ளைக் கொட்டி வச்சிருக்க” என்றாள் ஒருத்தி.

“பொட்டு வைக்கச் சொன்னா பிள்ளையையே பொட்டாக்கிட்டா” என்றாள் இன்னொருத்தி. சடைச்சியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். வெட்கமாக இருந்தாலும், எங்கே இருந்து பார்த்தாலும் தன் பிள்ளை தெரிகிறதே என்ற சந்தோஷம் அவளுக்கு.

பொன்னாத்தா மட்டும் சிரிக்கவில்லை.

“தண்ணிக்குள்ள யார் பிள்ளைன்னு பாக்கக் கூடாதுன்னு எல்லாரும் சேர்ந்துதான பேசினோம்? நீ மட்டும் கரியைப் பூசிப் பிரிச்சா என்ன அர்த்தம்?”

“பிரிக்கலை மதினி. இருக்குதா இல்லையான்னு பாத்துக்கிறதுக்கு ஒரு வழி. அவ்வளவுதான்.”

“அப்ப நாங்க சரியாப் பாத்துக்கலைங்கிற.”

“உங்களைச் சொல்லலை.”

“வேற யாரைச் சொல்ற? இந்தக் குட்டையில காவல் இருக்கிறது நாமதான.”

சடைச்சி சந்தேகப்பட்டுத்தான் வைத்தாள், அதை ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. பொன்னாத்தா மூன்று நாள் அவளோடு பேசவில்லை. இருந்தாலும் காவல் முறை வழக்கம் போல நடந்தது, கருப்புப் பிள்ளைகளுக்கும் மற்றவற்றோடு சேர்த்துப் பாசி கிடைத்தது.

ஆனால் கருப்பு குறைந்துகொண்டே வந்தது. சாம்பல் நிறத்தோடு சாம்பல் நிறமாகக் காணாமல் போனபோது யார் கண்ணிலும் படவில்லை. இப்போது அப்படியில்லை. முதல் நாள் ஒரு முறம் அகலத்துக்குத் தெரிந்த கருப்பு, நாலாம் நாள் அதில் பாதி அளவுக்கு வந்துவிட்டது. பாம்பு வந்ததா என்று கேட்டாள். வரவில்லை. மீன் ஏறி வந்ததா என்று பார்த்தாள். அடைமழை பிடித்ததிலிருந்து கண்மாய் மடை திறக்கவே இல்லை, மீன் எப்படி வரும்? சடைச்சிக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது என்றும் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் அவளுடைய காவல். வெயில் அடித்துத் தண்ணீர் தெளிந்திருந்தது. உருண்டை வழக்கம் போல வந்தது. பாசி கொடுத்தாள். பேருக்கு ரெண்டு வாய் தின்றுவிட்டு, போதும் என்று மல்லாக்கப் புரண்டு அவள் காலில் முட்டியது. தலைப்பிரட்டைக்கு வயிற்றுத் தோல் மெல்லிசு, உள்ளே குடல் சுருண்டு கிடப்பது தெரியும். பாசி தின்ற குடல் பச்சையாகத் தெரியும். அன்றைக்கு உருண்டையின் வயிற்றில் கருப்பாகத் தெரிந்தது. சட்டியடிக் கரியின் கருப்பு. அவள் விரலால் வைத்தது, அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

“என்ன தின்ன?” என்றாள்.

“சின்னது.”

“எந்தச் சின்னது?”

“அந்தக் கோடியில கருப்பா இருக்குல்ல, அதுதான். முந்தி சாம்பலா இருந்துச்சே, அதே ருசிதான் அம்மா. நிறம்தான் வேற.”

ஒளிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. சடைச்சிக்குப் புரட்டாசிப் பிள்ளைகள் ஏன் கரையேறவில்லை என்பது அந்த ஒரு பதிலில் தெரிந்துவிட்டது. அவற்றை விழுங்கிய வாய்க்குத்தான் அவள் தினமும் பாசி மென்று ஊட்டியிருக்கிறாள். மிஞ்சிய ஒரே பிள்ளை என்று பெயர் வைத்துக் கொஞ்சியிருக்கிறாள். அழுகை வந்தது. உருண்டை, ஏன் அம்மா அழுற என்று கேட்டு மறுபடியும் காலில் முட்டியது. அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

பொன்னாத்தாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வருகிற வழியெல்லாம் பொன்னாத்தா, “என் பிள்ளைக அப்படிச் செய்யாது. வேற யாரோடதாவது இருக்கும்” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். தண்ணீருக்குள் சொல்லக்கூடாத சொல்லைத் தானும் சொல்கிறோம் என்பது அவளுக்கு உறைக்கவில்லை. உருண்டையின் வயிற்றைப் பார்த்தாள். பக்கத்தில் இன்னும் ஐந்தாறு சாம்பல் பிள்ளைகள் திரிந்தன, அவற்றின் வயிற்றிலும் அங்கங்கே கருப்பு இருந்தது. உருண்டையின் வயிற்றில்தான் அதிகம். அப்புறம் அதன் வாயைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“என் வாயேதான்” என்றாள். குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதை அவளால் மறைக்க முடியவில்லை.

“என்ன செய்யலாம் மதினி?”

“எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு சடைச்சி. பொய் சொல்லலை. ஆனா அதுக்குப் பாசியில வயிறு நிறையலை. பசிக்குதுன்னு தின்னா என்ன பண்ணச் சொல்ற? அடிச்சா பசி போயிருமா? அதுவும் உன்னைத்தான் அம்மாங்குது. நான் கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது. நீயே சொல்லு. கேக்குதான்னு பாப்போம்.”

சடைச்சி சொன்னாள். அந்தக் கருப்பெல்லாம் உன்னை மாதிரிப் பிள்ளைகள், தின்னக்கூடாது என்றாள். சரி அம்மா என்றது உருண்டை. மனசாரச் சொன்னதுதான். சாயங்காலம் பசித்தது, மேலும் நாலு தின்றது. சரின்னு சொன்னியே என்று கேட்டால், அப்பப் பசிக்கலை என்றது.

மறுநாள் சடைச்சி கொக்கிடம் போனாள். குட்டையின் கீழைக் கோடியில், தண்ணீர் கெண்டைக்காலளவுகூட இல்லாத இடத்தில் அது நின்றுகொண்டிருந்தது. கொக்கு அதிகம் பேசாது.

“ஒண்ணே ஒண்ணு” என்றாள் சடைச்சி.

“குண்டா இருக்குமா?”

“இருக்கும்.”

“பக்கத்துல கொண்டு வா.”

அவ்வளவுதான் பேச்சு. சடைச்சி திரும்பிப் போய், என்னோட வா என்று உருண்டையைக் கூப்பிட்டாள். உருண்டைக்கு வால் நிலைகொள்ளவில்லை.

“நாம மட்டுமா போறோம்?”

“ஆமா.”

“மத்தவங்க வரலையா?”

“இல்லை.”

“நல்லது” என்றது உருண்டை. அதன் பிறகு வழி நெடுக அதுதான் பேசிக்கொண்டு வந்தது. தண்ணீர் குறையக் குறைய அதன் முதுகு வெளியே தெரிந்தது. நீந்த முடியாமல் சேற்றில் உரசிக்கொண்டு வந்தது. “அம்மா, இங்க ஆழமே இல்லை. நீ முன்னாடி போ, நான் உன் காலை ஒட்டிக்கிட்டே வர்றேன்” என்றது. கொக்கு கழுத்தைத் தாழ்த்தியது. சடைச்சி நின்றுவிட்டாள். கொக்கின் அலகு உருண்டைக்கு நேராக வந்தது. அவள் திரும்பி நடுவில் விழுந்து, பின்னங்கால் ரெண்டாலும் உருண்டையை ஆழத்துப் பக்கம் எட்டித் தள்ளினாள். கொக்கு அலகைப் பின்னால் இழுத்துக்கொண்டது. அது தேரையைத் தொடாது, நாக்கு எரியும்.

“மனசு மாறிருச்சாக்கும்” என்றது.

“நான் பெத்தது இல்லைதான். ஆனா ஊட்டியிருக்கேன்” என்றாள் சடைச்சி.

கொக்கு வேறு இடம் பார்த்து நடந்துவிட்டது.

உருண்டையைக் கூட்டிக்கொண்டு திரும்பும்போது மேலைக் கோடிக் கருப்புப் பிள்ளைகள் அவளைப் பார்த்துவிட்டன. அம்மா வருகிறாள் என்று அத்தனையும் ஓடி வந்தன. அவளுக்குப் பின்னால் உருண்டை இருந்தது. சடைச்சி அந்த இடத்தில் அசையாமல் நின்றாள். தினமும் நடப்பதுதான் இது. அவள் எங்கே இருக்கிறாளோ அங்கே கருப்பும் வரும், உருண்டையும் வரும், உருண்டைக்குப் பின்னால் மற்ற சாம்பல் வாய்களும் வரும். அவள் இல்லாவிட்டால் கருப்புப் பிள்ளைகள் கோரையை விட்டு வராது. உருண்டையும் நடுக்குட்டையை விட்டு அந்தப் பக்கம் போகாது. இத்தனை நாளும் பரிமாறினது தான்தான் என்று அவளுக்குப் புரிந்தது. இன்னும் கொஞ்ச நாள் இவற்றோடு இருந்தால் மிச்சமும் இருக்காது. பிள்ளை பிழைக்க வேண்டுமானால் தாய் தண்ணீரை விட்டுப் போக வேண்டும். வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

முதலில் உருண்டையை நடுக்குட்டையில் ஒரு கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டாள்.

“நீ இங்கயே இரு. நான் கரைக்குப் போயிட்டு வந்துர்றேன்.”

“எப்ப வருவ?”

“வருவேன். நீ இடத்தை விட்டுப் போகாத.”

சடைச்சி தன் வாழ்நாளில் சொன்ன பொய் அது ஒன்றுதான். உருண்டை நம்பியது.

பிறகு கருப்புப் பிள்ளைகளிடம் போனாள். இவற்றிடம் பொய் சொல்லவில்லை.

“இனிமே உங்களுக்குக் காவல் கிடையாது. நான் வரமாட்டேன். ஒண்ணை ஒண்ணு தொட்டுக்கிட்டே இருங்க. ஒண்ணு திரும்பினா எல்லாரும் திரும்பணும். பெரிய வாய் வந்தா கூட்டத்துல இருந்து ஒருத்தரைப் பிரிக்கத்தான் பாக்கும். பிரியாம இருந்தா அதுக்குத் திகைப்பாயிரும்.”

“உனக்கு எங்க மேல கோபமா?” என்றது ஒன்று.

“இல்லை.”

“பின்ன ஏன் போற?”

“நான் இருந்தா நீங்க இருக்க மாட்டீங்க” என்றாள்.

அவற்றுக்குப் புரிந்ததா என்று சொல்ல முடியாது. பிறந்து ஒரு வாரம்தானே. ஆனால் சொன்னபடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சடைச்சி கரையேறினாள். திரும்பிப் பார்த்தால் ரெண்டு பக்கமும் தன்னை நோக்கி வரும் என்று பயந்து, திரும்பாமலே போனாள். புங்க மரத்து வேரடிக்குப் போன பிறகுதான் அழுதாள்.

அடுத்த நாள் காவல் பொன்னாத்தாவுக்கு. “அவ பிள்ளையை அவளே விட்டுட்டுப் போயிட்டா. நான் மட்டும் யார் பிள்ளைக்குக் காவல் இருக்கிறது?” என்று அவளும் கரையேறிவிட்டாள். அதற்கு அடுத்தவள், பொன்னாத்தாவே இல்லாதபோது எனக்கென்ன என்றாள். ஒரு வாரத்துக்குள் கோரைக்குட்டையில் தாய் என்று ஒருத்தி இல்லை. முறை முடிந்தது என்று யாரும் கூடிப் பேசவில்லை. அப்படியே நின்றுபோனது.

மார்கழி பாதியில் ஒரு நாள் காலை, சடைச்சி கரையோரத்தில் உட்கார்ந்திருந்தாள். நாலு நாளாகவே அங்கேதான் இருந்தாள். பனி இறங்கின பிறகு தண்ணீரின் விளிம்பு அசைந்தது. உளுந்து அளவில் ஒன்று ஏறியது. வால் போன இடம் இன்னும் மழுங்கவில்லை, முதுகில் சொரசொரப்பு இருந்தது. பின்னாலேயே பத்து ஏறின. அதற்குப் பின்னால் நூறு ஏறின. கரை மண்ணே நகர்வது போல இருந்தது. இத்தனை பிள்ளைகளை எந்தத் தேரையும் அந்தக் குட்டையில் பார்த்ததில்லை. கரையேறிய பிறகும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டே வந்தன. சடைச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே முதல் பிள்ளை அவளுக்கு முன்னால் வந்து நின்றது. வழியை அடைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

“பெரியம்மா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? நாங்க நிறையப் பேர் வர்றோம்.”

சடைச்சி அந்த முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு தள்ளி உட்கார்ந்தாள். கடைசிப் பிள்ளை போகிற வரை வழி விட்டே உட்கார்ந்திருந்தாள்.

இப்போதும் மழைக்குட்டையில் குனிந்து பார்த்தால் எது யாருடையது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. முட்டை கரும்புள்ளியாகச் சரம் சரமாகக் கோரையைச் சுற்றிக் கிடந்தால் தேரை இட்டது. கன்னங்கரேலென்று கூட்டமாக, ஒன்று திரும்பினால் எல்லாம் திரும்புகிறதே, அது தேரையின் பிள்ளை. தேரை முட்டையைச் சுற்றி முடித்ததும் தண்ணீரைத் திரும்பிப் பார்க்காமல் கரையேறிப் போவதெல்லாம் அந்த ஐப்பசி மழையில் தொடங்கின பழக்கம்தான். சாம்பலும் பழுப்புமாகப் பெருத்து, நடுத்தண்ணீரில் தனியாக ஒன்று கிடக்கும், அது தவளையின் பிள்ளை. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை மேலே வந்து வாயைத் திறந்துவிட்டுப் போகும். மூச்சு வாங்க வருகிறது என்கிறார்கள். அன்றைக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள் கரையில் தெரிகிறாளா என்று பார்க்கத்தான் அது வருகிறது.